கடைசி வண்டியிலிருந்து தொடங்கும் நடை

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடர் மேல் தெற்கிலிருந்து வடக்காக 431 கிலோமீட்டர் ஓடுகிறது பென்னைன் வே என்னும் நெடுநடைப் பாதை. டெர்பிஷரில் உள்ள ஈடேல் கிராமத்தில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிக் கிர்க் யெத்தம் என்ற சிற்றூரில் முடியும். பலர் இரண்டு, மூன்று வாரம் விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் நடந்து முடிப்பார்கள். என்னிடம் அவ்வளவு விடுப்பும் இல்லை, காரும் இல்லை. மான்செஸ்டரில் ஒரு வாடகை அறை, வார இறுதி, ரயில் டிக்கெட் வாங்கக் கொஞ்சம் காசு, இவ்வளவுதான். பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வரும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நீண்ட காலம் இங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டப் பழகவே இல்லை. எந்த மேட்டிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினால் எத்தனை மணிக்கு வண்டி கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

முதல் பாடம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் கோப்பையும் கண்ணாடிக் கூடும் வைத்தார். அந்த வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, அடியிலிருந்து மேலாக எழுதச் சொன்னார். கடைசி வரியில் ‘வீடு’. அதற்கு மேல் மான்செஸ்டர் பிக்காடிலி. அதற்கு மேல், நடை முடிந்து ரயில் ஏறும் நிலையம். அங்கிருந்து கிளம்பும் கடைசி வண்டியின் நேரத்தை எழுதி, உடனே அடிக்கச் சொன்னார். அதற்கு முந்தின வண்டியின் நேரத்தைப் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

“வெளிக்கிடுறது லேசு தம்பி. வீட்டை வந்து சேருறதுதான் வேலை. அதை முதல் எழுதும். கடைசி வண்டி உமக்கு இல்லை, அது உம்முடைய காலுக்கு ஏதும் நடந்தால் எண்டு வைச்சுக்கொள்ளும்.”

அந்தத் தாளில் நாங்கள் போட்டது முதல் துண்டு: ஈடேலிலிருந்து க்ரௌடன் வரை, 26 கிலோமீட்டர். போவதில் சிரமமே இல்லை. மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1894-ல் திறந்தது. சின்லி நிலையத்தைத் தாண்டியதும் வண்டி கௌபர்ன் சுரங்கத்துக்குள் நுழைந்து, மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓடி, வெளியே வரும்போது ஈடேல் பள்ளத்தாக்கில் இருக்கும். நிலையத்திலிருந்து பாதை தொடங்கும் இடம் கொஞ்ச தூர நடைதான். முடிவில்தான் சிக்கல். க்ரௌடனில் இன்று ரயில் நிலையம் இல்லை. மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைத்த இன்னொரு ரயில் பாதையான வுட்ஹெட் பாதை ஒரு காலத்தில் அந்த வழியாகவே போனது. 1954-ல் மின்மயமாக்கினார்கள். 1970-ல் பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள், 1981-ல் சரக்கு வண்டியும் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தடம் நடைவழியாக இருக்கிறது. ப்ளீக்லோ மேட்டிலிருந்து டார்சைடு நீர்த்தேக்கத்தருகே இறங்கும் பென்னைன் வே அந்தப் பழைய தடத்தைக் குறுக்கே கடக்கும். அங்கே மேற்காகத் திரும்பிச் சுமார் ஒரு மணி நேரம் சமதரையில் நடந்தால் ஹாட்ஃபீல்டு நிலையம். அங்கிருந்து மான்செஸ்டருக்கு அரை மணிக்கு ஒரு வண்டி, இரவு வரை. மூடிப்போன ரயில் பாதை வழியாக நடந்து, மூடாமல் விட்ட நிலையத்தில் ஏற வேண்டும். அடுத்த முறை அதே வழியாகத் திரும்பி வந்து க்ரௌடன் வழியாக வடக்கே தொடரலாம்.

நேரக் கணக்குக்கு அக்கா நம்பியது நெய்ஸ்மித் விதியை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு அது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. 26 கிலோமீட்டருக்கு ஐந்தேகால் மணி, ஏற்றத்துக்கு ஒரு மணிக்கு மேல். வந்த விடையோடு கால் பங்கைக் கூட்டச் சொன்னார் அக்கா. காரணம், வழியில் வரும் கின்டர் ஸ்கௌட், ப்ளீக்லோ மேடுகள் இரண்டும் கரிச்சேற்று நிலம். லங்காஷர் பக்கத்தில் இடித்த பழைய நூற்பாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பென்னைன் வேயின் பல இடங்களில் பாவியிருக்கிறார்கள். கல் இருக்கும் இடத்தில் வேகமாக நடக்கலாம், கல் முடிந்த இடத்தில் கால் புதையும். சாப்பிட அரை மணி, ஹாட்ஃபீல்டு வரை ஒரு மணி என்று சேர்த்தால் ஒன்பது மணியைத் தாண்டியது. “அப்ப இது ஜூன் மாதத்து நடை” என்றார். டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அன்று மேசையில் அவர் சொன்ன இன்னொன்றைத்தான் இந்த வித்தையின் மையம் என்பேன். ஒரு நடைக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் வண்டி அடிக்கடி வரும். இன்னொரு முனையில் நாளுக்கு இரண்டோ மூன்றோ பஸ். அடிக்கடி வண்டி வரும் முனையை மாலைக்கு வை, அரிதான பஸ்ஸைக் காலைக்கு வை. “காலமை வராத பஸ் ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது. வேறை எங்கையும் போய் நடக்கலாம். பின்னேரம் வராத பஸ்தான் ஆபத்து.” வழிகாட்டிப் புத்தகங்கள் பென்னைன் வேயைத் தெற்கிலிருந்து வடக்காகவே சொல்லும். நானோ பல துண்டுகளை வடக்கிலிருந்து தெற்காக நடந்திருக்கிறேன். மால்ஹம் ஊருக்கு ஸ்கிப்டனிலிருந்து சில பஸ்களே உண்டு. அதே பாதையில் தெற்கே இருக்கும் கார்கிரேவில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆகவே காலையில் மால்ஹம் பஸ், பிறகு 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவரான மால்ஹம் கோவை ஆசை தீரப் பார்த்துவிட்டு, ஏர் ஆற்றின் கரையோடு கார்கிரேவுக்கு இறங்கு நடை. புத்தகத்தின் பக்கங்களைப் பின்னிருந்து முன்னாகப் புரட்ட வேண்டியிருக்கும், அதனால் என்ன?

பஸ் அட்டவணை வாசிப்பது தனிப் படிப்பு. நேரத்தைப் பார்க்கும் முன் அட்டவணையின் தலையில் இருக்கும் சிறு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். பள்ளி நடக்கும் நாளில் மட்டும், சனிக்கிழமை மட்டும், சனிக்கிழமை தவிர என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள். ஆகஸ்டில் பள்ளி நாள் பஸ் வராது. ரயில் அட்டவணை மே மாதமும் டிசம்பரிலும் மாறும். மலைப்பக்கத்து ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் பெரும்பாலும் ஈஸ்டர் வாக்கில் தொடங்கி அக்டோபரோடு நின்றுவிடும். நிறுத்தமே இல்லாத சாலைகளில், வளைவு இல்லாத இடமாகப் பார்த்து நின்று கைகாட்டினால் ஓட்டுநர் நிறுத்துவார், ஆனால் சாலையின் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும்.

இறங்கும்போது அக்கா ஓட்டுநரிடம் பேசாமல் இறங்கியதே இல்லை. எங்கே நடக்கப் போகிறோம், எந்தப் பஸ்ஸில் திரும்புவோம் என்று சொல்வார். அந்தப் பஸ்ஸை ஓட்டப்போவது நீங்களா, வேறு ஆளா என்று கேட்பார். ஒரு முறை மாலையில் மழைக்கு ஒதுங்கி ஒரு கல் சுவரின் பின்னால் நின்றிருந்தோம். பஸ் எங்களைத் தாண்டிப் போய்விடும் என்று நான் பதறியபோது, ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, சுவரின் இருபுறமும் தேடினார். காலையில் பேசிய பேச்சின் பலன் அது.

இன்னொரு நாள் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் மதியம் மூன்றரைக்கு வர வேண்டிய பஸ் வரவே இல்லை. அறிவிப்பும் இல்லை. அக்கா இருபது நிமிடம் பொறுத்தார், பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார், தாளை எடுத்தார். அதில் வலப்பக்கம் ஒரு தனிப் பத்தி உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேராக, வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருப்பார்: பக்கத்து நிலையம் எத்தனை கிலோமீட்டர், வழியில் நடைபாதை உள்ள சாலையா, அந்த ஊரில் தங்க விடுதி உண்டா, டாக்ஸி எண். அன்று இவை எதுவும் தேவைப்படவில்லை. கடைசிக்கு முந்தின வண்டிக்குத் திட்டமிட்டிருந்ததால் கடைசி வண்டி மிச்சமிருந்தது. அதில் வந்தோம்.

கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்மேல் இரக்கப்படுவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காரில் போனவர் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அவர் நடை வட்டமாகத்தான் இருக்க முடியும். ரயிலில் போனவர் ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறலாம். நெடுநடைப் பாதை ஒரு கோடு, கோட்டை நடக்கக் கார் உதவாது. ஆல்ஃபிரட் வெய்ன்ரைட்டை இங்கே நடப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்தவர், 1955 முதல் 1966 வரை லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளைப் பற்றிக் கையாலேயே எழுதி வரைந்து ஏழு வழிகாட்டி நூல்களைக் கொண்டுவந்தவர். 1968-ல் பென்னைன் வேக்கும் ஒரு வழிகாட்டி எழுதினார். அவரும் கார் ஓட்டியதில்லை. லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு அவர் போய்வந்தது பெரும்பாலும் பஸ்ஸில். இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும், சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஊர்ப்பெயரை நம்பி இறங்கக் கூடாது என்பதை டென்ட் நிலையத்தில் வைத்துக் காட்டினார். செட்டில்–கார்லைல் ரயில் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் உயரத்தில், இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளிலேயே மிக உயரமான நிலையம் அது. நடைமேடையில் நின்றால் காற்று முகத்தில் அறையும். டென்ட் கிராமம் கீழே ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. “பேர் போட்டிருக்கு எண்டு நம்பாதேயும். மாப்பைப் பாரும்” என்றார். அடுத்த நிலையம் கார்ஸ்டேல். அதன் பெயரில் ஹாஸ் என்ற ஊர் இல்லை, ஆனால் பென்னைன் வே கடந்துபோகும் ஹாஸுக்கு அதுதான் வாசல். லிட்டில் வொயிட் பஸ் என்று ஊர்மக்களே அமைப்பாகச் சேர்ந்து நடத்தும் சிறு பஸ், ரயிலோடு இணைப்பாக ஹாஸுக்கும் கார்ஸ்டேலுக்கும் இடையே ஓடுகிறது. தன்னார்வலர்களும் அதை ஓட்டுகிறார்கள்.

கார்ஸ்டேல் நடைமேடையில் வெண்கலத்தில் ஒரு நாய் நிற்கிறது. ரஸ்வார்ப் என்று பெயர். அதன் கதையை அந்த நாயருகே நின்றுதான் கேட்டேன், ஏனென்றால் நாங்கள் வந்திறங்கிய வண்டிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1876-ல் பயணிகளுக்குத் திறந்த இந்தப் பாதையில் 1970-ல் செட்டில், ஆப்பிள்பி தவிர மற்ற சிறு நிலையங்களை மூடிவிட்டார்கள். பென்னைன் வேயில் நடப்பவருக்கு ஹோர்ட்டன் நிலையமும் இல்லை, கார்ஸ்டேல் நிலையமும் இல்லை என்ற நிலை. 1975-ல் யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்கா நிர்வாகம் வார இறுதிகளில் தானே ரயிலை வாடகைக்கு எடுத்து, மூடிய நிலையங்களில் நிறுத்தி, நடப்பவர்களை ஏற்றி இறக்கியது. டேல்ஸ்ரெயில் என்று அதற்குப் பெயர். சும்மா கிடந்த நடைமேடைகளில் முதுகுப் பைக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். எண்பதுகளில் 24 வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கும் செலவைக் காட்டிப் பாதையையே மூட அறிவிப்பு வந்தபோது, எழுத்தில் வந்த ஆட்சேபங்கள் 22,265. அவற்றில் ஒன்று ரஸ்வார்ப்பினுடையது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்யும் நாய் என்பதால் அதன் பாதத் தடத்தையும் கையெழுத்தாக ஏற்றார்கள். போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1986-ல், எட்டுச் சிறு நிலையங்கள் மறுபடி திறந்தன. 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. அதற்கு மறு ஆண்டு ஜனவரியில், பாதையைக் காக்கப் போராடியவர்களில் ஒருவரான நாயின் எஜமானர், ரயிலில் வேல்ஸுக்குப் போய் மலை நடையில் இறந்துபோனார். பதினொரு வாரம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது ரஸ்வார்ப் பக்கத்திலேயே இருந்தது.

அக்கா அந்த வெண்கல நாயின் தலையைத் தடவிவிட்டு நடைமேடை அட்டவணையைப் பார்க்கப் போய்விட்டார். நான்தான் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

பென்னைன் வேயின் பிறப்பிலேயே ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன என்பது நடக்க நடக்க எனக்கு விளங்கியது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை, மலிவு டிக்கெட்டில் ஏறி மேட்டுக்கு வருவார்கள். மேட்டு நிலமோ பணக்காரர்களின் வேட்டைக்காடு. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறிக் கின்டர் ஸ்கௌட் மேல் ஏறினார்கள். இளைஞர்கள் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1935-ல் டெய்லி ஹெரால்டு நாளிதழில் டாம் ஸ்டீபன்சன், அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதையைப் போல பென்னைன் மலை நெடுகிலும் ஒரு பாதை வேண்டும் என்று எழுதினார். முப்பது வருடம் பேசி, வரைந்து, வாதாடி, 1965-ல் அது திறந்தது. நாள் மறுபடியும் ஏப்ரல் 24. ஹேஃபீல்டுக்கு இன்று ரயில் இல்லை. அந்தக் கிளைப்பாதை 1970-ல் போனது. ஈடேல் வழியாகப் போகும் ரயில் பாதையும் போயிருக்க வேண்டியது. அறுபதுகளில் மூடலாம் என்று பரிந்துரைத்த பட்டியலில் அது இருந்தது, வுட்ஹெட் பாதைதான் தப்பும் என்று நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். நாங்கள் சாவகாசமாக இறங்கி ஏறும் நிலையங்களில் பல இப்படி ஒரு நூலிழையில் தப்பியவைதான்.

ஆகவே அக்காவின் கடைசிப் பாடம் கடிதம் எழுதுவது. மலைப்பக்கத்து ஞாயிறு பஸ்ஸைக் குறைக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்பு வரும்போதெல்லாம் அவர் எழுதுவார், என்னையும் எழுத வைப்பார். என் முதல் வரைவை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கோவத்தை எழுதாதேயும். எத்தனை பேர் ஏறினவை, எங்கை இறங்கினவை, அந்த ஊரிலை தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு குடுத்தவை எண்டு எழுதும்.” இதற்காகவே அவர் பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் தலைகளை எண்ணுவார், தேதி போட்டு எழுதுவார். நானும் இப்போது எண்ணுகிறேன். 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒருவழி பஸ் கட்டணத்துக்கு இரண்டு பவுண்டு உச்சவரம்பு வந்தபோது மால்ஹம் பக்கம் போகிற பஸ்களில் மாணவர்கள் ஏறத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தோம். 2025 ஜனவரியில் அது மூன்று பவுண்டு ஆனது. 2024-ல் மான்செஸ்டர் பக்கமிருந்து கிளிதரோ வழியாக ரிப்பிள்ஹெட்டுக்குச் சனிக்கிழமை ரயில் ஒன்று விட்டார்கள். வெகுநாள் கேட்டுக் கிடைத்த வண்டி என்று சொல்லிக்கொண்டே அக்கா அதில் ஏறினார், ஜன்னலோரம் எனக்கு.

எனக்கு மிச்சம் இருப்பது வடகோடித் துண்டு. பைர்னெஸிலிருந்து கிர்க் யெத்தம் வரை சுமார் 43 கிலோமீட்டர், செவியட் மலை முதுகு. நடுவே ஒரு பொதுச்சாலைகூடக் குறுக்கிடாது. ஒதுங்க இரண்டு மரக் குடில்கள் மட்டும் உண்டு. பைர்னெஸ் பக்கம் பஸ் அரிது. கிர்க் யெத்தத்திலிருந்து கெல்சோவுக்குப் பஸ் உண்டு, கெல்சோவிலிருந்து பெரிக் நகருக்கு இன்னொன்று, அங்கே லண்டன்–எடின்பரோ பிரதான ரயில் பாதை. ஆகவே அரிதான முனையில் முந்தின நாளே போய்த் தங்கி, வண்டி உள்ள முனையில் முடிக்க வேண்டும். ஞாயிறில் முடிகிற மாதிரி வைக்கக் கூடாது என்கிறார் அக்கா, இரண்டு பஸ் மாறும் பயணத்துக்குச் சனிதான் சரி. அவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கெல்சோ பக்கமிருந்து பஸ்ஸில் வந்து கிர்க் யெத்தத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மே மாத அட்டவணை வெளியானதும் தேதி குறிப்போம்.